கடிகாரத்தைத் திருப்பத் தெரிந்த அரசுகளுக்கு ஒரு தாள் அளவை முடிவுசெய்யத் தெரியவில்லை

#1 தாள்மாட்டி

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

என் வேலை ஆவண ஒருங்கிணைப்பு. மூணு கண்டத்துல கிளை இருக்கிற நிறுவனம். எல்லாரும் ஒரே அறிக்கையைத் திருத்தணும், ஒரே கூட்டத்துல உட்காரணும், ஒரே தாள்ல கையெழுத்துப் போடணும். மார்ச் வந்தாலே எனக்கு வயித்தைக் கலக்கும். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிடும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அசையாது. இடையில இருக்கிற ரெண்டு மூணு வாரம், நியூயார்க் காலை 10 மணிக் கூட்டம் லண்டன்காரங்களுக்கு பிற்பகல் 3-க்குப் பதிலா 2 மணிக்கே வந்து நிக்கும். கடிகாரத்தைத் தொடவே தொடாத நாட்டுக்காரங்களுக்கும் கூட்டம் நகரும், அவங்க என்கிட்டதான் காரணம் கேப்பாங்க. அக்டோபர் கடைசியில ஐரோப்பா திரும்பும், நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா திரும்பும், மறுபடி ஒரு வாரம் இதே கூத்து. அழைப்பை எந்த ஊர் நேரத்துல போட்டாங்களோ அந்த ஊர்க்காரங்க நிம்மதியா இருப்பாங்க. மத்தவங்கள்ல பாதிப் பேர் ஆளில்லாத கூட்டத்துக்குள்ள போய் "நான் பேசறது கேக்குதா"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க.

எதுக்கு இது? மின்சாரம் மிச்சமாகுமாம். 1916-ல ஜெர்மனி போர்க்காலத்துல நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சது. 2005-ல அமெரிக்கா எரிசக்திக் கொள்கைச் சட்டம்னு ஒண்ணு போட்டு, 2007-லேர்ந்து இந்த டேலைட் சேவிங்கை (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கிற முறை) இன்னும் நாலு வாரம் போல நீட்டிச்சது. ஐரோப்பாவுக்கும் அவங்களுக்கும் மார்ச்ல இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்தது அதனாலதான். பலன் என்ன? அவங்க எரிசக்தித் துறையே 2008-ல நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கு: நீட்டிச்ச நாள்கள்ல ஒரு நாளைக்கு 0.5 சதவீதம் மின்சாரம் மிச்சம். வருஷக் கணக்குல பார்த்தா 0.03 சதவீதம். இதுக்காக உலகத்துல இருக்கிற கணினி, போன், நாட்காட்டி மென்பொருள் எல்லாத்துக்கும் திருத்தம் போட்டாங்க. இண்டியானா மாநிலம் முழுசும் 2006-ல டேலைட் சேவிங்குக்கு மாறினப்போ வீட்டு மின் பில்களை எடுத்துப் பார்த்த பொருளாதார ஆய்வு இன்னும் மோசம். விளக்குச் செலவு குறைஞ்சது, ஏசியும் ஹீட்டரும் அதைத் தின்னுட்டு மேலயும் கேட்டுச்சு. மொத்தத்துல பயன்பாடு சுமார் 1 சதவீதம் கூடிப்போச்சு.

ஐரோப்பிய ஆணையம் 2018-ல மக்கள்கிட்ட கேட்டது. 46 லட்சம் பேர் பதில் போட்டாங்க, 84 சதவீதம் பேர் நிறுத்துங்கன்னாங்க. 2019 மார்ச்ல ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021-ல நிறுத்திடலாம்னு ஓட்டும் போட்டாச்சு. உறுப்பு நாடுகள் உடன்படல. இன்னும் திருப்பிக்கிட்டுதான் இருக்காங்க.

இப்ப என் கேள்வி. கோடிக்கணக்கான பேரோட கடிகாரத்தை வருஷத்துக்கு ரெண்டு தடவை திருப்ப வைக்கிற அளவுக்கு அதிகாரம் இருக்கு. ஏ4 தாளா, அமெரிக்காக்காரங்களோட லெட்டர் அளவுத் தாளா, ஏதாவது ஒண்ணுன்னு உட்கார்ந்து பேசி முடிக்க மட்டும் ஏன் அதிகாரம் இல்ல?

#2 வேப்பங்கொட்டை

அண்ணே, இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. கடிகாரத்தைத் திருப்புற செலவு உங்க தலையில விழுது. தாளை மாத்தினா அலமாரி, கவர், பிரிண்டர் தட்டு, படிவம் எல்லாத்தையும் யாராவது காசு போட்டு வாங்கணும். அதுல பெரிய வாடிக்கையாளர் யாருன்னு பாருங்க, அரசாங்கமே. கடைத்தேங்காய்னா வழிப்பிள்ளையாருக்குத் தாராளமா உடைக்கலாம். சொந்தத் தேங்காய்னா குழு அமைச்சுப் பரிசீலிப்பாங்க.

#3 ஓம்விதி

தாள்மாட்டியின் கோபம் நியாயமானது. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1916-ல் மின்சாரம் என்றால் பெரும்பாலும் விளக்குதான். மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடினால் விளக்கு ஒரு மணி நேரம் தாமதமாக எரியும் என்ற கணக்கு அன்றைக்குச் சரி. எல்இடி வந்த பிறகு அந்தக் கணக்கில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. கொள்கை பிறந்த காரணம் போய்விட்டது, கொள்கை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. எரிசக்தித் துறையில் இது வாடிக்கை.

கடிகாரம் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சில மின்கடிகாரங்கள் கிட்டத்தட்ட 6 நிமிடம் பின்தங்கின. அடுப்புக் கடிகாரம், பழைய சுவர்க்கடிகாரம், ரேடியோ கடிகாரம் போன்றவை மின்வலையின் 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 அலைகளை, எண்ணித்தான் நேரம் காட்டும். செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே எழுந்த தகராறில், தர வேண்டிய மின்சாரம் தரப்படவில்லை. 113 கிகாவாட்-மணி குறைந்தது. சராசரி அதிர்வெண் 49.996 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 0.004 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். அது நாள்கணக்கில் சேர்ந்து 25 நாடுகளில் கடிகாரத்தைக் கெடுத்தது. ஒரே தரத்தில் கண்டமே இணைந்திருந்தால் ஒருவர் செய்த குளறுபடி எல்லோர் வீட்டுக்கும் வரும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

இணையாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான். 1890-களில் டோக்கியோ மின் நிறுவனம் ஜெர்மனியின் ஏஇஜி இயந்திரங்களை வாங்கியது, 50 ஹெர்ட்ஸ். ஒசாகா அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கியது, 60 ஹெர்ட்ஸ். யாரும் தடுக்கவில்லை. இன்றுவரை ஃபுஜி ஆற்றை ஒட்டிய ஒரு கோட்டுக்குக் கிழக்கே 50, மேற்கே 60. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கில் மின்நிலையங்கள் படுத்தன. மேற்கில் மின்சாரம் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் அதிர்வெண் மாற்றி நிலையங்களின் மொத்தத் திறன் அப்போது சுமார் 10 லட்சம் கிலோவாட்தான். டோக்கியோ வட்டாரத்தில் முறைவைத்து மின்வெட்டு. 115 ஆண்டுக்கு முன் இரண்டு கொள்முதல் அதிகாரிகள் போட்ட கையெழுத்து அது.

#4 ராத்திரிஷிப்ட்

படிக்கவே பயமா இருக்கு சார். ஒரு சின்ன சந்தேகம். தாள் பிரச்சினைக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்பிட்டா தீர்ந்துடுச்சே? இப்ப யார் அச்சடிக்கிறாங்க?

#5 கோப்புக்காரி

தம்பி, பிடிஎஃப்புக்குள்ளயே பக்க அளவு எழுதியிருக்கும். ஏ4-ன்னா 595 × 842 பாயிண்ட், லெட்டர்னா 612 × 792. அதை மாத்தாம வச்சிருக்கிறதுதான் பிடிஎஃப்போட வேலையே. அச்சடிக்கிறவங்க இல்லைன்னு நினைக்காதீங்க. கையெழுத்து ஒப்பந்தம், தணிக்கை, ஒழுங்குமுறை ஆணையம், நீதிமன்றம்னு வந்துட்டா தாள்தான்.

வித்தியாசம் எவ்வளவுன்னு ஒருதரம் கண்ணால பாருங்க. ஏ4 210 × 297 மி.மீ. லெட்டர் 215.9 × 279.4. ஒண்ணு மேல ஒண்ணு வச்சா லெட்டர் 6 மி.மீ. அகலமா இருக்கும், 17.6 மி.மீ. குட்டையா இருக்கும். 17.6 மி.மீ. என்ன பெரிசு? அடிக்குறிப்பும் பக்க எண்ணும் உட்கார்ந்திருக்கிற இடம் அதுதான். ஏ4-ல அழகா முடிஞ்ச அட்டவணையோட கடைசி வரி லெட்டர்ல அடுத்த பக்கத்துக்குத் தாவும். தலைப்பு வரி இல்லாம ஒரே ஒரு "மொத்தம்" மட்டும் அனாதையா நிக்கும். அதுக்கப்புறம் வர்ற எல்லாப் பக்க எண்ணும் தள்ளும். பொருளடக்கம் பொய் சொல்லும். கூட்டத்துல "பக்கம் 14 மூணாவது பத்தி"ம்பாங்க, ஆளுக்கொரு பத்தியைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

"பக்கத்துக்குப் பொருத்து" குடுத்தா 94 சதவீதமாச் சுருங்கும். கடிதம்னா பரவாயில்ல. 1:100 அளவுல வரைஞ்ச வரைபடம்னா அதை ஸ்கேல் வச்சு அளக்கிறவர் கதி? இதுக்காகவே எங்க குழுவுல ஒவ்வொரு வரைபடத்துலயும் ஒரு அளவுக்கோடு போட்டுடுவோம், சுருங்கினா அதுவும் சேர்ந்து சுருங்கட்டும்னு.

துளை வேற. சர்வதேசத் தர அமைப்பு ஐஎஸ்ஓவோட 838-ஆம் தரப்படி ரெண்டு துளை, நடுவுக்கு நடு 80 மி.மீ. அமெரிக்காவுல மூணு துளை, நாலேகால் அங்குல இடைவெளி. ஸ்வீடன்ல நாலு துளை, 21-70-21 மி.மீ.ன்னு அவங்களுக்கே ஒரு முறை. ஒரே ஒப்பந்தம் மூணு ஊர் சுத்தி வந்தா ஓரம் பூரா ஓட்டைதான். துளைக்குள்ள ஒரு பங்குதாரர் பெயரே காணாமப் போனதை நான் பார்த்திருக்கேன்.

#6 வேப்பங்கொட்டை

பழைய லேசர் பிரிண்டர்ல "பிசி லோட் லெட்டர்"னு மின்னுமே, ஞாபகம் இருக்கா? நான் அதைப் பார்த்து யாருக்கோ கடிதம் எழுதச் சொல்லுதோன்னு யோசிச்சிருக்கேன். தட்டுல லெட்டர் அளவு தாள் வைன்னு சொல்லுதாம். தட்டு நிறைய ஏ4 இருக்கும், அது அசையாது.

#7 நடுநிலைநாயகம்

எல்லோரும் அரசைத் திட்டுவதில் இறங்கிவிட்டீர்கள். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

சும்மா நிற்கும் சாதனங்கள் இழுக்கும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் ஒரு விதி போட்டது. 2010 முதல் பெரும்பாலான வீட்டு, அலுவலகச் சாதனங்கள் நிறுத்திய நிலையில் 1 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, 2013 முதல் 0.5 வாட். யாருடைய பழக்கமும் மாறவில்லை, யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, உற்பத்தியாளர்கள் மின்சுற்றை மாற்றினார்கள். அந்தச் சந்தைக்காகச் செய்த மாற்றம் மற்ற நாடுகளுக்குப் போகும் சாதனங்களிலும் ஏறிக்கொண்டது.

குண்டு பல்பும் அப்படித்தான். அது இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது. 2009 முதல் 2012 வரை படிப்படியாக நிறுத்தினார்கள். ஜெர்மனியில் ஒருவர் அதே பல்பை "ஹீட்பால்" என்று பெயர் மாற்றி, இது விளக்கு அல்ல, சிறு ஹீட்டர், வெளிச்சம் தவிர்க்க முடியாத பக்கவிளைவு என்று விற்றார். நல்ல நகைச்சுவை. சுங்கத்துறை பிடித்துக்கொண்டது. ஆனால் பௌதிகம் அரசின் பக்கம்தான் இருந்தது.

யூஎஸ்பி-சி-யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-ல் நிறுவனங்களே முன்வந்து ஒத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள், முழுதாக நடக்கவில்லை. 2022-ல் சட்டமாகவே போட்டார்கள். போன், டேப்லெட் முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28, மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28. இதுவும் அரசு செய்ததுதானே?

#8 தாள்மாட்டி

நாயகம் சார், சும்மா நிற்கிற சாதன விதியை நானும் ஒத்துக்கறேன். நல்ல வேலை. ஆனா விளக்குல உங்க கதை பாதியில நிக்குது.

குண்டு பல்பை எடுத்தப்போ ஹாலோஜனுக்குப் போகலாம், சிஎஃப்எல்லுக்குப் போகலாம்னாங்க. போனோம். 2018 செப்டம்பர்ல பெரும்பாலான ஹாலோஜனுக்குத் தடை. சிஎஃப்எல்ல பாதரசம். அலுவலகங்கள்ல பழைய குழல் விளக்கை மாத்தி மெலிசான டி5 போடுங்க, அதுதான் சிக்கனம்னு சொன்னாங்க. எங்க கட்டடத்துல கூரையைப் பிரிச்சு ஃபிட்டிங் மொத்தமும் மாத்தினாங்க. 2023 ஆகஸ்ட்ல டி5, அதைவிடத் தடியான டி8 ரெண்டுக்குமே ஐரோப்பியச் சந்தையில முற்றுப்புள்ளி, பாதரசத்தைக் காரணம் காட்டி. எல்இடி நல்லதுன்னு எனக்கும் தெரியும். ஆனா சொன்ன பேச்சைக் கேட்டு முதல்ல மாத்தினவனுக்கு ரெண்டு செலவு, ஒண்ணும் செய்யாம பழைய குழல் விளக்கோட உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரே செலவு. அடுத்த அறிவிப்பு வரும்போது யார் முதல்ல கை தூக்குவாங்க?

#9 ஓம்விதி

அதுதான் மையம். ஸ்பெயினைப் பாருங்கள். 2007-ல் சூரிய மின்சாரத்துக்கு 25 ஆண்டு உறுதியான விலை என்று அறிவித்தார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்தார்கள், கணக்கு இடித்தது. 2010 முதல் ஏற்கெனவே கட்டிய நிலையங்களுக்கும் சேர்த்து வெட்டத் தொடங்கினார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர்கள், முதலீட்டுக்குப் பாதுகாப்பு தரும் எரிசக்திச் சாசனம் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி நடுவர் மன்றம் போனார்கள், பல தீர்ப்புகள் ஸ்பெயினுக்கு எதிராக வந்தன. உள்நாட்டில் கூரையில் பலகை போட்ட சாமானியருக்கு எந்த நடுவர் மன்றமும் இல்லை. 2015-ல் சொந்தப் பயன்பாட்டுக்கே கட்டணம் போட்டார்கள். மக்கள் அதற்கு "சூரிய வரி" என்று பெயர் வைத்தார்கள். 2018 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். பதினொரு ஆண்டில் ஊக்கம், வெட்டு, வரி, மறுபடி ஊக்கம். சூரியன் அதே இடத்தில்தான் இருந்தது.

பிரிட்டனின் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டரும் (அளவைத் தானே நிறுவனத்துக்கு அனுப்பும் மீட்டர்) இதே ரகம். வாடிக்கையாளர் மலிவான நிறுவனத்துக்கு மாறினால், புது நிறுவனத்தால் பழைய மீட்டருடன் பேச முடியாமல் போனது நிறைய இடங்களில் நடந்தது. மீட்டர் ஊமையாகிவிடும், பழையபடி ஆள் வந்து அளவு எடுக்க வேண்டும். போட்டியை வளர்க்க ஒரு கொள்கை, மீட்டரை மாற்ற ஒரு கொள்கை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

#10 ராத்திரிஷிப்ட்

பிளக் பத்தி யாரும் பேசலயே? என் பையில துணியைவிட அடாப்டர்தான் அதிகம்.

#11 ஓம்விதி

பேசுவோம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) தன் பட்டியலில் ஏ முதல் ஓ வரை எழுத்திட்டு 15 வகை வைத்திருக்கிறது. உலகத்துக்கே ஒரே பிளக் என்று 1986-ல் ஐஇசி 60906-1 வெளியிட்டார்கள். நல்ல வடிவம்; சிறியது, பாதுகாப்பானது. எடுத்துக்கொண்டவை முக்கியமாகப் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும்தான். பிரேசில் எடுத்துக்கொண்டபோதும், 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்கென்று வடிவமைத்ததை 127 வோல்ட்டுக்கும் 220 வோல்ட்டுக்கும் சேர்த்தே வைத்துவிட்டது. செருகும் துளையைப் பார்த்து உள்ளே எந்த வோல்ட் என்று சொல்ல முடியாது. உலகத் தரத்தைப் பின்பற்றியே ஒரு புது ஆபத்தை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள்.

ஐரோப்பா வோல்ட்டை எப்படி ஒன்றாக்கியது என்று தெரியுமா? கண்டத்தில் 220, பிரிட்டனில் 240. இனி எல்லோருக்கும் 230 என்றார்கள். பிரிட்டனுக்கு 10 சதவீதம் மேலே, 6 சதவீதம் கீழே போகலாம் என்று வரம்பு வைத்தார்கள், அதாவது 216.2 முதல் 253 வரை. 240 அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மின்மாற்றியையும் தொட வேண்டியிருக்கவில்லை. காகிதத்தில் ஒத்திசைவு முடிந்தது.

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சாதனம் செய்பவர்கள் அந்த முழு வரம்புக்கும் தாங்கும்படி செய்தார்கள், அதனால் வேலை நடந்தது. உங்கள் மடிக்கணினி அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். ஜப்பானின் 100-ம் ஐரோப்பாவின் 230-ம் அதற்கு ஒன்றுதான். சுவரில் செருகும் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றலாம். பெட்டிப் பக்கம் ஐஇசி 60320 படி ஒரே வடிவம், சுவர்ப் பக்கம் அந்தந்த நாட்டு வடிவம். சுவரை மாற்றச் சொல்லி யாரிடமும் சண்டை போடவில்லை. கழற்றும் இடத்தை எங்கே வைப்பது என்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள். கோப்பு, தாள், நேரம் இவற்றில் அப்படிக் கழற்றும் இடம் எது என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

#12 கோப்புக்காரி

ஓம்விதி ஐயா, கோப்புல தேடினாங்க. அதுதான் வயித்தெரிச்சல்.

2006-ல ஓடிஎஃப், ஐஎஸ்ஓ/ஐஇசி 26300-னு சர்வதேசத் தரமாச்சு. எழுத்தாவணம், விரிதாள், காட்சித்தாள் எல்லாத்துக்கும் ஒரே திறந்த வடிவம். அதோட முடிஞ்சிருக்கலாம். அதே வருஷம் டிசம்பர்ல மைக்ரோசாஃப்டோட ஓஓஎக்ஸ்எம்எல்லை (வேர்ட், எக்செல் கோப்பு வடிவம்) எக்மாங்கிற தர அமைப்பு தரமாக்கிச்சு. 6,000 பக்கத்துக்கு மேல. அதை விரைவு வழியில ஐஎஸ்ஓவுக்குக் கொண்டுபோனாங்க. 2007 செப்டம்பர் ஓட்டெடுப்புல தோத்துச்சு. 2008 பிப்ரவரியில ஜெனீவாவுல அஞ்சு நாள் கூட்டம். ஆயிரத்துக்கு மேல திருத்தம், அஞ்சு நாள்ல யார் படிக்க முடியும்? பெரும்பாலானதைப் பேசாமலே மொத்தமா ஓட்டுக்கு விட்டாங்க. ஏப்ரல்ல ஜெயிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. பிரேசில், இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா மேல்முறையீடு செஞ்சும் எடுபடல. அது ஐஎஸ்ஓ/ஐஇசி 29500. ஒரே வேலைக்கு ரெண்டு சர்வதேசத் தரம்.

உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? "ஆட்டோஸ்பேஸ்லைக்வேர்ட்95"ன்னு ஒரு அமைப்பு. வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டுச்சோ அப்படி விடுன்னு அர்த்தம். எப்படி விட்டுச்சுன்னு முதல்ல விளக்கம் கூட எழுதல. இன்னொண்ணு, 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே கிடையாது, 1900 லீப் வருஷம் இல்ல. லோட்டஸ் 1-2-3 விரிதாள்ல இருந்த பிழை. லோட்டஸ் கோப்பு திறக்கணும்னு எக்செல் அதை அப்படியே எடுத்துக்கிச்சு. அங்கேருந்து சர்வதேசத் தரத்துக்குள்ள குடியேறிடுச்சு.

கடைசியில பழைய பொருத்தமெல்லாம் சேர்ந்த "டிரான்சிஷனல்", சுத்தமான "ஸ்ட்ரிக்ட்"னு ரெண்டாப் பிரிச்சாங்க. பேர்தான் டிரான்சிஷனல். இத்தனை வருஷம் கழிச்சும் நீங்க சாதாரணமா சேமிக்கிற கோப்பு அதுலதான் பதிவாகுது. பிரிட்டன் அரசு 2014 ஜூலையில திருத்தக்கூடிய ஆவணத்துக்கு ஓடிஎஃப்தான்னு முடிவு பண்ணிச்சு. நல்ல முடிவு. ஆனா வெளியிலேருந்து வர்றவங்க எதுல அனுப்புவாங்க? தாள்மாட்டி சொன்ன டி5 கதைதான், முதல்ல மாறினவங்களுக்குத்தான் கஷ்டம். மாத்தி மாத்தித் திறக்கிறப்போ பட்டியல் எண் 1-லேருந்து மறுபடி ஆரம்பிக்கும், திருத்தக் குறிப்பு காணாமப் போகும், அட்டவணை ஓரம் பக்கத்துக்கு வெளியே தொங்கும்.

#13 வேப்பங்கொட்டை

அக்கா சொன்ன விரிதாள் விஷயத்துக்கு என் பங்கு. மனித மரபணு ஒண்ணுக்கு "மார்ச்1"னு பேர், இன்னொண்ணுக்கு "செப்ட்2". எக்செல்ல போட்டா மார்ச் 1-ஆம் தேதி, செப்டம்பர் 2-ஆம் தேதின்னு மாறிடும். பல வருஷம் ஆய்வுக் கோப்புகள் இப்படிக் கெட்டதுக்கு அப்புறம் 2020-ல என்ன செஞ்சாங்க? மரபணுப் பேரையே மாத்திட்டாங்க, மார்ச்எஃப்1, செப்டின்2. மனுஷ மரபணு விரிதாளுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கிச்சு!

அப்புறம் 04/05-ன்னா ஏப்ரலா மேயா? ஐஎஸ்ஓ 8601 வந்தது 1988-ல. வருஷம், மாசம், நாள், குழப்பமே இல்ல. இன்னும் என் மேலாளர் 04/05-க்குள் முடிங்கன்னு மெயில் போடறார். நான் எப்பவும் தாமதமா வர்ற அர்த்தத்தை எடுத்துக்கறேன்.

#14 மட்டுறுத்துநர்

குறிப்பிட்ட கட்சிகளையும் தலைவர்களையும் வைத்து எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. கொள்கையைத் திட்டுங்கள், தடையில்லை. ஆளைத் திட்ட வேறு இடம் இருக்கிறது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா விவாதத்துக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே போங்கள்.

#15 நடுநிலைநாயகம்

மட்டுறுத்துநருக்கு நன்றி. அலுவலகமும் எரிசக்தியும் நேரடியாக மோதும் இடத்தை இன்னும் யாரும் தொடவில்லை. அறை வெப்பநிலை.

1979-ல் அமெரிக்காவில் கார்ட்டர் அரசு வணிக, அரசுக் கட்டடங்களில் கோடையில் 78 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிரூட்டக்கூடாது, குளிர்காலத்தில் 65-க்கு மேலே சூடேற்றக்கூடாது என்று கட்டாயமாக்கியது. 1981-ல் ரீகன் வந்ததும் எடுத்துவிட்டார். 2022-ல் ஸ்பெயின் அதையே 27-க்கும் 19-க்கும் செல்சியஸில் போட்டது. ஜப்பான் 2005-ல் வேறு மாதிரி செய்தது. 28 டிகிரி என்றது. கூடவே கோட்டும் டையும் வேண்டாம் என்றும் சொன்னது. அமைச்சர்களே டை இல்லாமல் வந்து நின்றார்கள். "கூல் பிஸ்" என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். அலுவலக வழக்கத்தையும் எரிசக்திக் கொள்கையையும் ஒன்றாக மாற்றியதால் அது பல ஆண்டுகள் நீடித்தது. வெறும் எண்ணை மட்டும் அறிவித்த கார்ட்டரின் விதி ஆட்சி மாறியதும் போய்விட்டது.

#16 தாள்மாட்டி

சார், கூல் பிஸ் நல்ல உதாரணம், மறுக்கல. ஆனா எண்ணை எங்க அளக்கிறாங்கன்னு ஒரு தடவை பாருங்க. எங்க தளத்துல வெப்ப உணரி பெரிய பிரிண்டருக்கு ரெண்டடி தள்ளி சுவத்துல இருக்கு. காலையில யாராவது நீளமான அறிக்கையை அச்சடிச்சா பிரிண்டர் சூடாகும், உணரி அறையே கொதிக்குதுன்னு நினைச்சு ஏசியை முடுக்கும், எதிர்ப்பக்கம் கணக்குப் பிரிவுல எல்லாரும் சால்வையோட உட்கார்ந்திருப்பாங்க. அரசாணை 27-ன்னா பதிவேட்டுலயும் 27-தான் இருக்கும்.

விவாதம் எங்கெங்கயோ போயிடுச்சு, சந்தோஷம். ஆனா எனக்கு அவசரமா ஒரு உதவி வேணும். அடுத்த அறிக்கை ரெண்டு வகைத் தாள்லயும் அச்சாகணும், பக்க எண் மாறக்கூடாது. அப்புறம் கூட்ட அழைப்பை யுடிசி-ல (எந்த ஊர்க் கடிகாரத்தையும் சாராத உலகப் பொது நேரம்) போட்டுட்டா மார்ச் தொல்லை தீருமா?

#17 ஓம்விதி

யுடிசி வேண்டாம். ஒருமுறை நடக்கும் கூட்டத்துக்குச் சரி. வாராவாரம் வரும் கூட்டத்தை யுடிசியில் பூட்டினால் கடிகாரம் திருப்பும் எல்லா ஊர்க்காரர்களுக்கும் நகரும். யாருக்கு நேரம் மாற்றவே முடியாதோ அவர்கள் ஊர்ப் பெயரில் அழைப்பைப் போடுங்கள். வெறும் மணி வித்தியாசமாக இல்லாமல் ஊர்ப் பெயராகவே இருக்கட்டும்; அப்போதுதான் அந்த ஊரின் கடிகார விதி மாறும்போது மென்பொருள் தானாகச் சரிசெய்யும். மார்ச், அக்டோபர் வாரங்களுக்கு மட்டும் தனியாக ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடுங்கள்.

#18 கோப்புக்காரி

பக்கத்துக்கு நான் வழக்கமா செய்யறது: பக்க அளவு ஏ4-ஆவே இருக்கட்டும். எழுத்துப்பகுதியை 170 × 240 மி.மீ.க்குள்ள அடக்குங்க. இடம் வலம் 20, மேல 20, கீழ 37. அடிக்குறிப்பு, பக்க எண் எல்லாம் அந்த 240-க்குள்ளயே வரணும், வெளிய எதுவும் கூடாது. லெட்டர்ல "உண்மை அளவு"ல அச்சடிக்கச் சொல்லுங்க, பொருத்துன்னு குடுக்கக்கூடாது. சில பிரிண்டர் மேல ஒட்டி அச்சடிக்கும், சிலது நடுவுல வைக்கும். நடுவுல வச்சாலும் மேல 11 மி.மீ. மிஞ்சும், எழுத்து வெட்டுப்படாது. துளை அந்த ஓரத்துக்குள்ளதான் வரும், அதனால 20 ஓரம் போதும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளயே பதிச்சு அனுப்புங்க, இல்லன்னா இவ்வளவும் வீண்.

ஏ4-ல பார்க்க கீழ கொஞ்சம் காலியாத் தெரியும். யாராவது கேட்டா வடிவமைப்புன்னு சொல்லிடுங்க.

#19 தாள்மாட்டி

அருமை அக்கா. இன்னிக்கே வார்ப்புரு போட்டு ரெண்டு பிரிண்டர்லயும் ஓட்டிப் பார்க்கறேன்.

#20 வேப்பங்கொட்டை

முதல்ல ரெண்டாவது தட்டுல என்ன தாள் இருக்குன்னு திறந்து பாருங்கண்ணே. திரையில காட்டறதை நம்பாதீங்க.